துப்பாக்கி விட்டுச் செல்லும் துகள்

துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு முன்னே பாய, அதைச் சூழ்ந்து ஒரு சூடான மேகம் குழல் முனையிலிருந்து பீறிடுகிறது. எரிந்த மருந்தின் புகை, எரியாமல் தப்பிய மருந்துத் துணுக்குகள், கரி, ஆவியாகி உடனே உறைந்த உலோகம் எல்லாம் அதில் கலந்திருக்கும். துப்பாக்கியின் இடுக்குகள் வழியாகவும் அது கசியும். ரிவால்வர் என்றால் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் கசியும். பிஸ்டல் என்றால் காலிக்கூடு தெறித்து விழும் திறப்பில் கசியும். சுட்டவரின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, புறங்கை, சட்டையின் கைப்பகுதி, முகம், தலைமுடி ஆகியவற்றின் மேல் அந்த மேகம் படிகிறது. சுடப்பட்டவர் அருகில் இருந்தால் அவர் மேலும் படியும். பக்கத்தில் சும்மா நின்றவரையும் அது விட்டுவைப்பதில்லை. இந்தப் படிவுக்குத் துப்பாக்கிச் சூட்டு எச்சம் என்று பெயர். தடய அறிவியல் கூடங்களில் ஜி.எஸ்.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இறந்தவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டாரா, வேறொருவர் சுட்டாரா? எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது? பிடிபட்டவர் அன்று துப்பாக்கியைக் கையில் எடுத்தாரா? விசாரணை அதிகாரிகள் இந்த எச்சத்திடம் கேட்கும் கேள்விகள் இவை. தூரத்தைப் பற்றிய கேள்விக்கு அது பெரும்பாலும் தெளிவாகவே பதில் சொல்லும். ஆளைப் பற்றிய கேள்விக்கு அதனால் அரைப் பதில்தான் சொல்ல முடியும். அந்த அரைப் பதிலை முழுப் பதிலாக எடுத்துக்கொண்ட வழக்குகளில் நீதி தடம் புரண்டிருக்கிறது.

தோட்டாவின் அடியில்

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: உலோகக் கூடு, அதன் வாயில் செருகிய குண்டு, உள்ளே நிரப்பிய வெடிமருந்து, அடியில் பதித்த பிரைமர். நாட்டு வழக்கில் கேப் என்று சொல்லப்படுவது இந்தப் பிரைமர்தான். விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைக் குத்துகிறது. அதில் உள்ள சிறிதளவு வேதிக்கலவை அடிபட்ட மாத்திரத்தில் வெடித்து வெடிமருந்துக்குத் தீ கொடுக்கிறது. வெடிமருந்து எரிந்து வாயுவாகி, குண்டைத் தள்ளுகிறது.

சுட்ட கையைத் தேடும் வேலையில் அதிகம் பேசுவது இந்தச் சின்னஞ்சிறு பிரைமர்தான். 19-ஆம் நூற்றாண்டில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் பிரைமரில் இருந்தன. குளோரேட் எரிந்து மிஞ்சும் உப்பு குழலைத் துருப்பிடிக்க வைத்தது. பாதரசம் பித்தளைக் கூட்டைப் பலவீனமாக்கியது. 1920-களில் ஜெர்மனியில் சினாக்சிட் என்ற புதிய கலவை உருவானது. அடிபட்டு வெடிக்க ஈய ஸ்டிஃப்னேட், ஆக்சிஜன் தர பேரியம் நைட்ரேட், எரிபொருளாக ஆண்டிமனி சல்ஃபைடு. சிற்சில மாற்றங்களோடு உலகம் முழுவதும் தோட்டாத் தொழிற்சாலைகள் இந்த மூன்றையே கைக்கொண்டன.

வெடிப்பின் வெப்பத்தில் ஈயம், பேரியம், ஆண்டிமனி மூன்றும் ஆவியாகின்றன. வெளியே வந்ததும் சட்டென்று குளிர்ந்து திவலைகளாக உறைகின்றன. பெரும்பாலானவை 0.5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை குறுக்களவு உள்ளவை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதால் இவற்றை வெறுங்கண்ணால் பார்க்க வழியே இல்லை. உருகி உறைந்தவை என்பதால் பல துகள்கள் உருண்டையாக இருக்கும். மூன்று உலோகமும் ஒரே துகளில் கலந்திருப்பதுதான் இவற்றின் அடையாளம். தனித்தனியே பார்த்தால் ஈயம் பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் உண்டு. பேரியம் பெயிண்டிலும் மத்தாப்பிலும் உண்டு. ஆண்டிமனி பாலியெஸ்டர் துணியிலும் தீப்பிடிக்காத பிளாஸ்டிக்கிலும் உண்டு. மூன்றும் ஒன்றாக உருகி ஓர் உருண்டையாக உறைய துப்பாக்கிக்குள் நேரும் அளவுக்கு வெப்பமும் அழுத்தமும் வேண்டும்.

மெழுகு வார்த்த கைகள்

இந்த அறிவு வருவதற்கு முன் காவல்துறை நம்பியது பாரஃபின் சோதனையை. மெக்சிகோ நகரக் காவல்துறை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தியோடோரோ கொன்சாலெஸ் 1933-இல் இதை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தினார். சந்தேக நபரின் கையில் இளஞ்சூடான மெழுகை ஊற்றி, இறுகியதும் கையுறை போல உரித்தெடுப்பார்கள். தோலில் ஒட்டியிருந்தவை மெழுகோடு வந்துவிடும். அதன் மேல் கந்தக அமிலத்தில் கரைத்த டைஃபினைலமீனைச் சொட்டினால், நைட்ரேட் உள்ள இடங்களில் நீலப் புள்ளிகள் தோன்றும். நீலம் கண்டால் சுட்டவர் என்று முடிவு கட்டினார்கள்.

பார்த்த மாத்திரத்தில் நம்ப வைக்கும் சோதனை அது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருந்தது. உரம், புகையிலை, சிறுநீர், சில அழகுப் பொருள்கள் ஆகியவையும் அதே நீலத்தைக் கொடுக்கும். வயலில் உரம் தூவிய விவசாயியின் கையும் துப்பாக்கி சுட்டவரின் கையும் மெழுகில் ஒன்றாகவே தெரியும்.

இந்தச் சோதனையின் தகுதியை உலகம் பார்த்தது அமெரிக்க அதிபர் கென்னடி கொலை வழக்கில். 1963 நவம்பரில் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டின் இரு கைகளிலும் நீலம் வந்தது. துப்பாக்கிக் கட்டை உரசியிருக்க வேண்டிய வலது கன்னத்தில் வரவில்லை. கொலையை விசாரித்த வாரன் ஆணையம் இந்த முடிவுகளை நம்பவில்லை. எஃப்.பி.ஐ. நடத்திய சோதனைகளை அது தன் அறிக்கையில் பதிவு செய்தது. .38 ரிவால்வரில் அப்போதுதான் ஐந்து முறை சுட்டு முடித்த 17 பேரைப் பரிசோதித்தபோது 8 பேரின் இரு கைகளிலும் எதுவும் இல்லை. 3 பேருக்குச் சுட்ட கையில் மட்டும் நீலம். 2 பேருக்குச் சுடாத கையில் மட்டும் நீலம். மீதி 4 பேருக்கு இரு கைகளிலும். வேறொரு சோதனையில் 29 பேர்; அவர்களில் சுட்டவர்கள் 9 பேர், சுடாதவர்கள் 20 பேர். 29 பேருக்குமே ஏதாவது ஒரு கையிலாவது நீலம் வந்தது. ஒரு சோதனைக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு தேவையில்லை. 1960-களில் இன்டர்போல் கூட்டிய வல்லுநர்களும் அதை ஏற்கத் தகாதது என்று ஒதுக்கினார்கள். ஆனால் அதற்குள் முப்பது ஆண்டுகள் போயிருந்தன.

நிற மாற்றத்தை மட்டும் நம்பிய சோதனை பிரிட்டனிலும் ஒரு பெரிய அநீதிக்குத் துணை போனது. 1974-இல் பர்மிங்ஹாம் நகர மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். கைதான ஆறு பேரில் சிலரின் கைகளில் நைட்ரோகிளிசரின் இருந்ததாக கிரீஸ் சோதனையை வைத்து நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சீட்டுக்கட்டின் மேல்பூச்சு போன்ற சாதாரணப் பொருள்களும் அதே நிறத்தைத் தரக்கூடும் என்பது பின்னர் காட்டப்பட்டது. தண்டனை ரத்தாகி ஆறு பேரும் 1991-இல் வெளியே வந்தபோது சிறையில் 16 ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள். அது வெடிகுண்டு வழக்கு என்றாலும், கையில் ஒட்டியதை வைத்து ஆளைத் தீர்மானிப்பதன் ஆபத்து இரண்டிலும் ஒன்றே.

நைட்ரேட்டை விட்டு உலோகத்தைத் தேட வேண்டும் என்ற திருப்பம் 1959-இல் வந்தது. ஹாரிசன், கில்ராய் என்ற இருவர் ஈயம், பேரியம், ஆண்டிமனி மூன்றுக்கும் தனித்தனி நிறச் சோதனைகளை முன்வைத்தார்கள். அடுத்து, மாதிரியை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கி, அதிலிருந்து வரும் கதிர்வீச்சை அளக்கும் முறை வந்தது. 1970-களில் அணு உட்கவர் நிறமாலைமானி வந்தது. கையை 5 விழுக்காடு நைட்ரிக் அமிலம் தோய்த்த பஞ்சால் துடைத்து, பஞ்சில் ஏறிய உலோகத்தின் மொத்த அளவை இதில் அளப்பார்கள். செலவு குறைவு என்பதால் பல ஆய்வுக்கூடங்களில் இந்த முறை நிலைத்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பஞ்சில் மூன்று உலோகமும் இருப்பது தெரியும். மூன்றும் ஒரே துகளில் இருந்தனவா, பெயிண்டிலிருந்து ஒன்று, பேட்டரியிலிருந்து ஒன்று என்று தனித்தனியே வந்து சேர்ந்தனவா என்பது தெரியாது.

எலக்ட்ரான் கற்றையின் கீழ்

அந்தக் குறையைத் தீர்த்தது ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி. 1970-களில் லண்டன் மாநகரக் காவல்துறையின் ஆய்வுக்கூடமும் அமெரிக்காவின் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனும் இதை இந்த வேலைக்குப் பழக்கின. ஏரோஸ்பேஸ் குழு 1977-இல் வெளியிட்ட அறிக்கை துகள்களை வகைப்படுத்தும் வேலைக்கு அடித்தளம் போட்டது. இன்றும் உலகம் முழுவதும் உறுதிச் சோதனை என்றால் இதுதான்.

மாதிரி எடுப்பது எளிய வேலை. சட்டைப் பொத்தான் அளவுள்ள அலுமினிய வட்டின் மேல் கரி கலந்த ஒட்டுப்பட்டை இருக்கும். அதைக் கையின் மேல் திரும்பத் திரும்ப அழுத்தி எடுப்பார்கள். வட்டு வெற்றிட அறைக்குள் போகிறது. எலக்ட்ரான் கற்றை அதன் பரப்பை வரிவரியாகத் தடவுகிறது. கனமான அணுக்கள் அதிக எலக்ட்ரான்களைத் திருப்பி எறிவதால் ஈயமும் பேரியமும் உள்ள துகள்கள் கரும்பரப்பில் வெண்புள்ளிகளாக ஒளிரும். தோலின் செதில், நூல், மண் எல்லாம் மங்கலாகக் கிடக்கும். ஒளிரும் ஒவ்வொரு புள்ளியிலும் கற்றையை நிறுத்தினால் அங்குள்ள தனிமங்கள் தத்தமக்குரிய ஆற்றலோடு எக்ஸ் கதிர்களை வீசும். ஈயத்துக்கு 2.34, ஆண்டிமனிக்கு 3.60, பேரியத்துக்கு 4.47 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் முகடுகள் எழும்.

தேடும் வேலையை இன்று கணினியே செய்கிறது. ஒரு வட்டை முழுதாகத் தேட மணிக்கணக்கில் ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பட்டியலைப் பார்ப்பது வழக்கம். ஆனால் பட்டியலை அப்படியே அறிக்கையாக்க முடியாது. கந்தகத்தின் முகடு ஈயத்தின் முகட்டோடு ஒட்டி நிற்கும். டைட்டானியத்தின் முகடு பேரியத்தோடு ஏறக்குறைய கலந்துவிடும். வெள்ளை பெயிண்டில் டைட்டானியம் இல்லாமல் இருக்காது. கால்சியமும் வெள்ளீயமும் ஆண்டிமனிக்கு அருகில் வந்து குழப்பும். ஆகவே கணினி காட்டிய ஒவ்வொரு துகளையும் ஆய்வாளர் மறுபடி தேடிப் பிடித்து, வடிவத்தையும் நிறமாலையையும் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கருவியின் விலையைவிட இந்தப் பொறுமைதான் முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு வகுத்த இ1588 என்ற வழிகாட்டி துகள்களுக்குத் தரம் பிரிக்கிறது. ஈயம், பேரியம், ஆண்டிமனி மூன்றும் ஒரே துகளில் இருந்தால் அது துப்பாக்கிச் சூட்டுக்கே உரிய இயல்புடையது. இரண்டு மட்டும் இருந்தால் துப்பாக்கிச் சூட்டோடு ஒத்துப்போவது; வேறு மூலத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஒரு காலத்தில் முதல் வகையைத் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது என்று எழுதினார்கள். கார்களின் பிரேக் பட்டைகளை 2002-இல் ஆராய்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள் மூன்று உலோகமும் கலந்த துகள்களை அங்கேயும் கண்டார்கள். பிரேக் துகளில் இரும்பு போன்றவை கூடுதலாக இருப்பதால் கவனமான ஆய்வாளர் பிரித்தறிய முடியும். ஆனாலும் மட்டுமே என்ற உறுதி போய்விட்டது. கைதானவர் மெக்கானிக் என்றால் அதையும் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

பட்டாசும் அப்படித்தான், இந்தியாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மத்தாப்பிலும் பச்சை ஒளி தரும் வாணங்களிலும் பேரியம் நைட்ரேட் நெடுங்காலமாக இருந்து வந்தது. காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் பட்டாசில் ஈயம், ஆண்டிமனி, பாதரசம், ஆர்சனிக், லித்தியம் ஆகியவற்றைத் தடை செய்தது. 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளையும் தடை செய்தது. தோட்டாவின் பிரைமரில் உள்ள மூன்று உலோகமும் அந்தத் தடைகளில் அடங்கிவிட்டன என்பது தடயவியலாரின் கவனத்துக்கு உரியது. பட்டாசுத் துகளில் பெரும்பாலும் அலுமினியம், மெக்னீசியம், பொட்டாசியம், குளோரின் ஆகியவை கூட்டாக இருப்பதால் அனுபவசாலி அடையாளம் கண்டுவிடுவார். ஆனால் தீபாவளி நாளில் எடுத்த மாதிரியையும் சிவகாசித் தொழிலாளி ஒருவரின் கையில் எடுத்த மாதிரியையும் மற்ற மாதிரிகளைப் போல எண்ணிப் படிக்கக் கூடாது.

மணி நேரங்களின் கணக்கு

துகள் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது. சுட்ட உடனே கையில் நூற்றுக்கணக்கில் துகள்கள் இருக்கலாம். கையைச் சட்டைப்பையில் விடுவது, முகம் துடைப்பது, பொருள்களைத் தொடுவது என்று ஒவ்வோர் அசைவிலும் அவை உதிர்கின்றன. முதல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவினால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். உயிரோடு நடமாடுபவரின் கையிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்கள் வாங்குவதே இல்லை. துணியின் நெசவிலும் சட்டைப்பையின் மூலையிலும் தலைமுடியிலும் மட்டும் துகள்கள் கூடுதல் நேரம் தங்கும். இறந்தவரின் கை அசைவதில்லை. ஆகவே உடலைத் தூக்குவதற்கு முன்பே கைகளைக் காகிதப் பையால் மூடிக் கட்டிவிட்டால் துகள்கள் பிழைக்கும். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே ஈரம் கோத்துத் துகள்கள் கழுவப்பட்டுவிடும்.

துகள் இல்லை என்ற அறிக்கை குற்றமின்மைக்குச் சான்றாகாது. கையுறை, மழை, கழுவல், தாமதம் என்று காரணங்கள் பல. சில .22 தோட்டாக்களின் பிரைமரில் ஆண்டிமனியே இருக்காது. அதே போல, துகள் உண்டு என்ற அறிக்கையும் சுட்டதற்குச் சான்றாகாது. ஒரு மீட்டர் தள்ளி நின்றவரின் கையிலும் துகள் விழும். சுட்ட துப்பாக்கியையோ காலித் தோட்டாக்கூட்டையோ எடுத்துப் பார்த்தவரின் கையிலும் ஒட்டும். கைவிலங்கு, காவல் வாகனத்தின் இருக்கை, ஆயுதம் ஏந்திய காவலரின் கை ஆகியவற்றிலிருந்தும் ஏறலாம். சுட்டவர் கை குலுக்கினால் குலுக்கியவருக்கும் போகும்.

துகள் இப்படித் தற்செயலாக ஏறும் ஆபத்து எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை பிரிட்டனின் ஜில் டாண்டோ வழக்கு காட்டியது. பிபிசி தொலைக்காட்சியில் குற்றங்களைத் துப்பறிய மக்களின் உதவி கேட்கும் நிகழ்ச்சியை நடத்திவந்த டாண்டோ, 1999 ஏப்ரல் 26 அன்று லண்டன் ஃபுல்ஹாமில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. துப்பாக்கி கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து, சற்றுத் தொலைவில் வசித்த பேரி ஜார்ஜ் என்பவர் கைதானார். அவர் வீட்டில் எடுத்த ஒரு கோட்டின் உட்பையில் துப்பாக்கிச் சூட்டு எச்சத் துகள் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று, குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. 2001 ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கொலை நடந்து ஓராண்டுக்குப் பிறகும் அந்தத் துகள் அதே பையில் தங்கியிருந்ததாக நடுவர் குழு நம்ப வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் அந்தக் கோட்டைக் காவல்துறையின் படப்பிடிப்புக் கூடத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள் என்பதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியும் பலனில்லை.

2002-இல் முதல் மேல்முறையீடு தோற்றது. வழக்குகளை மறுஆய்வு செய்யும் ஆணையம் 2007-இல் மீண்டும் அதை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே பிரிட்டன் தடய அறிவியல் சேவையின் வல்லுநர்கள் ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஜார்ஜ்தான் சுட்டார் என்றால் அந்தக் கோட்டில் ஒரு துகள் கிடைக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று. அவர் சுடவே இல்லை என்றாலும் வாய்ப்பு நூறில் ஒன்றே. இரு பக்கமும் எடை சமம் என்றால் அந்தத் துகள் எதையும் நிரூபிக்கவில்லை. 2007 நவம்பரில் தண்டனை ரத்தானது. துகள் சான்றை விலக்கிவிட்டு நடந்த மறுவிசாரணையில் 2008 ஆகஸ்ட் 1 அன்று அவர் விடுதலையானார். டாண்டோவைக் கொன்றவர் யார் என்பது இன்றும் தெரியவில்லை. தவறான ஆளைப் பிடித்து வைத்திருந்த எட்டு ஆண்டுகளில் சரியான ஆளைத் தேடும் வேலை நின்றுபோனது என்பதும் அந்த ஒற்றைத் துகளின் விலைதான்.

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடம் 2006-இல் இந்தச் சோதனையைச் செய்வதையே நிறுத்திக்கொண்டது. மாநில ஆய்வுக்கூடங்கள் பல தொடர்கின்றன. ஆனால் அவற்றின் அறிக்கைகளில் இப்போது ஒரு வாசகம் சேர்ந்திருக்கிறது: இந்த மாதிரிக்கு உரியவர் சுட்டிருக்கலாம், சுடும்போது அருகில் இருந்திருக்கலாம், அல்லது எச்சம் படிந்த பொருளைத் தொட்டிருக்கலாம். இந்தச் சோதனையால் நேர்மையாகச் சொல்ல முடிவது அவ்வளவே.

தூரத்தின் சாட்சி

ஆளைச் சொல்லத் தடுமாறும் எச்சம், தூரத்தைச் சொல்லும்போது நம்பத் தகுந்த சாட்சியாகிறது. குழல் முனையைத் தோலோடு அழுத்திச் சுட்டால் வாயு உள்ளே பாய்ந்து தோலைக் கிழிக்கும். எலும்பு அடியில் உள்ள இடம் என்றால் காயம் நட்சத்திரம் போல வெடித்திருக்கும்; கரி காயத்தின் உள்ளேயே கிடக்கும்; குழல் முனையின் அச்சும் தோலில் பதியும். கைத்துப்பாக்கியைச் சில அங்குலம் முதல் சுமார் ஓர் அடி வரை தள்ளிப் பிடித்துச் சுட்டால் காயத்தைச் சுற்றிக் கரி படியும். இரண்டு மூன்று அடி வரை எரியாத மருந்துத் துணுக்குகள் தோலில் தைத்துச் செம்புள்ளிகளாக நிற்கும். இவை துடைத்தால் போகாது. பச்சை குத்தியது போல உள்ளே பதிந்தவை. அதற்கு அப்பால் குண்டின் துளையும் அதன் விளிம்பில் குண்டு துடைத்துவிட்ட கருவளையமும் மட்டுமே மிஞ்சும்.

சட்டை வழியே குண்டு போயிருந்தால் சட்டைதான் பேசும். கறுப்புத் துணியில் கரி கண்ணுக்குத் தெரியாது, இரத்தம் மறைத்திருக்கும். அங்கே வேதியியல் உதவுகிறது. வேதிப்பொருள் பூசிய புகைப்படத் தாளின் மேல் துணியை வைத்து, அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், எரியாத மருந்திலிருந்து வரும் நைட்ரைட் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தாளில் எழும். இது திருத்தப்பட்ட கிரீஸ் சோதனை. அடுத்து சோடியம் ரோடிசோனேட்டைத் தெளித்தால் ஈயம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நீல ஊதாவாக மாறும். முதலில் கிரீஸ், பிறகு ரோடிசோனேட் என்ற வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் முதல் சோதனை கெட்டுவிடும்.

புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை வைத்து நேரடியாகத் தூரத்தைச் சொல்லிவிட முடியாது. குழலின் நீளம், மருந்தின் வகை, தோட்டாவின் தயாரிப்பு ஒவ்வொன்றும் பரவலை மாற்றும். ஆகவே கைப்பற்றிய அதே துப்பாக்கியில், அதே வகைத் தோட்டாவைப் போட்டு, அதே மாதிரித் துணியின் மேல் வெவ்வேறு தூரங்களிலிருந்து சுட்டுப் பார்ப்பார்கள். வழக்கில் உள்ள சட்டையின் புள்ளிகள் எந்தத் தூரத்துப் புள்ளிகளோடு பொருந்துகின்றனவோ அதுவே விடை. தன் கையால் சுட்டுக்கொண்டார் என்று சொல்லப்படும் ஒருவரின் சட்டையில் நான்கடி தூரத்துக்கான அடையாளம் இருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும். மனிதக் கையின் நீளம் அதற்கு இடம் தராது.

ஈயம் இல்லாத நாளை

மூடிய பயிற்சிக் கூடங்களில் நாள்தோறும் சுடும் காவலர்களின் இரத்தத்தில் ஈயம் ஏறுவதைக் கண்டு, 1980-களில் ஜெர்மனியின் டைனமிட் நோபல் நிறுவனம் சின்டாக்ஸ் என்ற ஈயமற்ற பிரைமரைக் கொண்டுவந்தது. அதில் டைட்டானியமும் துத்தநாகமும்தான் மிஞ்சும். இரண்டும் பெயிண்டிலும் அழகுப் பொருள்களிலும் நிறைய உள்ளவை. காவலர்களின் உடல்நலத்துக்கு நல்லது. துகளைத் தேடுபவருக்கு மிகக் கடினம். இதற்கு ஜெர்மனியில் ஒரு வழி கண்டார்கள். காவல்துறைக்கான தோட்டாக்களின் பிரைமரில் காடோலினியம், காலியம் போன்ற அரிய தனிமங்களைச் சிறிதளவு கலந்தார்கள். காவலர் சுட்டதால் விழுந்த துகள் எது, எதிராளி சுட்டதால் விழுந்தது எது என்று அதை வைத்துப் பிரிக்கலாம்.

மற்றொரு வழி உலோகத்தை விட்டு வெடிமருந்தின் கரிமச் சேர்மங்களைத் தேடுவது. புகையில்லா மருந்தில் நைட்ரோசெல்லுலோஸும் பல வகைகளில் நைட்ரோகிளிசரினும் இருக்கும். அது கெடாமலிருக்க டைஃபினைலமீன் அல்லது எத்தில் சென்ட்ரலைட் சேர்ப்பார்கள். எத்தில் சென்ட்ரலைட் அன்றாடப் பொருள்களில் அரிது என்பதால் கையில் அது கிடைத்தால் அர்த்தம் உண்டு. நிறைநிறமாலைமானி இவற்றை மிக நுண்ணிய அளவிலும் காட்டும். இவை தோலில் ஊறிவிடுவதால் உலோகத் துகள்களைப் போல எளிதில் வேறொருவர் கைக்கு மாறுவதில்லை. உலோகம், கரிமம் இரண்டையும் ஒரே மாதிரியில் நிமிடக்கணக்கில் பார்க்கும் முறைகளை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உருவாக்கி வருகிறார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் தற்செயல் என்ற ஐயம் பெருமளவு குறையும்.

இந்தியச் சிக்கல் வேறு விதமானது. இங்கே பல வழக்குகளில் பிடிபடுவது நாட்டுத் துப்பாக்கி. தமிழ்நாட்டின் மலையோரங்களில் போலீசார் கைப்பற்றும் ஒற்றைக்குழல் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, நாரையோ காகிதத்தையோ திணித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு இடித்துச் சுடுவார்கள். கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம். அதன் எச்சத்தில் மிஞ்சுவது பொட்டாசியமும் கந்தகமும். மண்ணிலும் தீக்குச்சியிலும் பட்டாசிலும் உள்ளவை அவை. வெளிநாட்டு வழிகாட்டிகள் தேடச் சொல்லும் மூன்று உலோக உருண்டை இங்கே கிடைக்காமலே போகலாம். நாட்டுத் துப்பாக்கிகளின் எச்சத்துக்கு என்று தனி ஒப்பீட்டுத் தொகுப்பு இந்திய ஆய்வுக்கூடங்களுக்கு மிகவும் தேவை. அந்தத் தொகுப்பை வேறு யாரும் நமக்காகச் செய்து தர மாட்டார்கள்.

இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-இல் சென்னையில் தொடங்கியது. இன்று மயிலாப்பூரில் இயங்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் உண்டு. துப்பாக்கிச் சூட்டு எச்சத்தைப் பொறுத்தவரை இந்த விதி பெரிய வாய்ப்பு. ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், முதல் ஓரிரு மணி நேரத்தில் சம்பவ இடத்தில் நடப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

அங்கே செய்ய வேண்டியவை செலவில்லாதவை. துப்பாக்கியைக் கையாண்ட அதிகாரி மாதிரி எடுக்கக் கூடாது. எடுப்பவர் புதுக் கையுறை போட வேண்டும். தன் கையுறையிலிருந்தும் ஒரு வெற்று மாதிரி எடுத்து உடன் அனுப்ப வேண்டும். கைரேகை மை பூசுவதற்கு முன், கை கழுவ விடுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். சுட்டதாகச் சொல்லப்படும் நேரம், மாதிரி எடுத்த நேரம், கைதானவரின் தொழில், அவரை ஏற்றி வந்த வாகனம் ஆகிய நான்கையும் உறையின் மேல் எழுத வேண்டும். நீதிமன்றத்தில் அறிக்கையைப் படிக்கும் அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் நீதிபதியும் துகள் கிடைத்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை துகள், எந்த இடத்தில், எத்தனை மணி நேரத்துக்குப் பின், வேறு எந்த வழியில் அது வந்திருக்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.